குரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்: மனச்சிதைவில் நேரம் பிசகும்போது வீட்டில் செய்ய வேண்டியவை

"டிவியில பேசுறவங்க வாய் வேற, குரல் வேறயா வருதும்மா." மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் மெல்லத் தலைகாட்டும் மாதங்களில் வீட்டுக்குள் கேட்கிற புகார்களில் இப்படியும் ஒன்று இருக்கும். "நான் கேக்குறதுக்கு முன்னாடியே நீ பதில் சொல்லிட்ட" என்பது இன்னொன்று. "கதவைச் சாத்துனது நான் இல்ல, கை தானா போயிருச்சு", "தெருவுல சிரிச்சவன் என்னைப் பாத்துத்தான் சிரிச்சான்" என்று வரிசை நீளும். ஸ்கிசோஃப்ரினியா என்றதும் நமக்குத் தெரிந்தது காதில் குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும்தான். பார்த்தது, கேட்டது, தொட்டது, தானே செய்தது எல்லாம் எந்தக் கணத்தில் நடந்தன என்று மூளை போடும் கணக்கே இந்த நோயில் பிசகலாம் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. ஐந்து நிமிட ஓ.பி.யில் மருத்துவருக்கு அதற்கு நேரமும் இருக்காது. இந்த நோயுள்ள ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லப்போவதில்லை. பெயரை மாற்றினால் அது எந்த வீட்டுக்கும் பொருந்தும். முதல் மாதத்திலேயே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியவற்றை மட்டும், நடக்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கரைவது பணம். புகார் காதையும் கண்ணையும் பற்றியதாக இருப்பதால் குடும்பம் அங்கேதான் ஓடும். டிவி மெக்கானிக் வருவார், ஒரு குறையும் இல்லை என்பார். நம்பாமல் புது டிவி, கூடவே ஒரு சவுண்ட்பார். பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர், செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம். பிறகு கண் பரிசோதனை, தேவையே இல்லாத ஒரு கண்ணாடி. அடுத்து நரம்பியல், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ஒவ்வொன்றிலும் 'நார்மல்' என்று வரும்போது நிம்மதியைவிடக் கோபம்தான் அதிகம் வரும். "எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க, அப்புறம் ஏன்டா இப்படிப் பண்ற?" என்ற கேள்வி அந்தக் கட்டத்தில் விழாத வீடு இல்லை. அதன்பின் மந்திரிப்பு, பரிகாரம், எலுமிச்சம்பழம். ரூபாய்க் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி போவது நேரம். அறிகுறி தொடங்கியதிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரையிலான இடைவெளி நீள நீள, தேறுவதும் தாமதமாகும் என்பது பல நாடுகளில் மறுபடி மறுபடி கண்ட உண்மை. ஸ்கேனுக்குக் கொடுத்த பணத்தைவிட அதற்காகக் காத்திருந்த வாரங்கள்தான் பெரிய நஷ்டம்.

பரிசோதனை எதுவுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் எழுதிக் கொடுத்து எடுக்கிறோம் என்பதுதான் விஷயம். மனநல மருத்துவரிடம் முதலில் போனால் அவரே தைராய்டு, சர்க்கரை, பி12 போன்ற ரத்தப் பரிசோதனைகளைச் சொல்வார். கஞ்சா, மாத்திரைப் பழக்கம் உண்டா என்று தனியாகக் கேட்பார். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் காது பரிசோதனை வீண் இல்லை, காது மந்தமானாலே, இல்லாத குரல்கள் கேட்கலாம். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நின்று வெறித்துப் பார்ப்பது, வாயைச் சப்புக்கொட்டுவது, சில நிமிடம் கழித்து ஒன்றுமே நினைவில்லை என்பது, இல்லாத நாற்றம் வீசுவதாகச் சொல்வது என்றிருந்தால் வலிப்பாக இருக்கலாம், அங்கே இ.இ.ஜி.க்குக் கொடுக்கும் பணம் சரியான செலவு. காய்ச்சலோடு குழப்பம், தலையில் அடிபட்ட பிறகு மாற்றம், நாற்பது வயதுக்கு மேல் திடீரென முதல் தடவை வருவது, இவற்றில் எது இருந்தாலும் நரம்பியல் பக்கமும் பார்த்தே ஆக வேண்டும். இவை எதுவும் இல்லாமல் இருபது வயதையொட்டிய பிள்ளை மெல்ல மெல்ல ஒதுங்கி, தூக்கம் கெட்டு, இப்படிப்பட்ட புகார்களைச் சொன்னால் முதல் சீட்டு மனநல மருத்துவரிடம்தான் போட வேண்டும்.

இனி அந்த நேரக் கணக்கு. மின்னலைப் பார்த்துக் கொஞ்சம் கழித்து இடியைக் கேட்கிறோம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும், எனவே 34 மீட்டர் தள்ளி நிற்பவர் கைதட்டினால் சத்தம் நம்மிடம் வர 100 மில்லி செகண்ட் ஆகும். மில்லி செகண்ட் என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உடம்புக்குள் நிலைமை தலைகீழ்: காதுக்குள் நுழைந்த ஒலி நரம்புச் செய்தியாக மாறுவது சட்டென்று நடக்கும், கண்ணின் விழித்திரையில் ஒளி மாறுவதற்கு அதிக நேரம் பிடிக்கும். இப்படி முன்னும் பின்னுமாக வந்து சேர்வதை ஒரே நிகழ்ச்சி என்று ஒட்டுவதற்காக மூளை ஒரு கால இடைவெளியை அனுமதிக்கிறது. அதற்குள் வந்தால் ஒன்று, தாண்டினால் இரண்டு. ஒளிபரப்புத் துறைக்கான சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. குரல் படத்தைவிட 45 மில்லி செகண்ட் முந்தினாலோ 125 மில்லி செகண்ட் பிந்தினாலோதான் பார்ப்பவருக்குப் பிசகு உறைக்கத் தொடங்கும் என்கிறது அது. பிந்துவதை நாம் அதிகம் பொறுத்துக்கொள்கிறோம், இயற்கையில் ஒலி எப்போதும் பிந்தித்தானே வருகிறது.

மனச்சிதைவு உள்ளவர்களிடம் மூளை அனுமதிக்கும் இந்த இடைவெளி சராசரியாக அகன்றிருப்பதை ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. முறை எளிது. திரையில் ஒரு மின்னொளி, ஸ்பீக்கரில் ஒரு 'பீப்'. இரண்டும் ஒன்றாக வந்தனவா, இல்லையென்றால் எது முதலில் வந்தது என்று கேட்பார்கள். ஒளிக்கும் ஒலிக்கும் நடுவே விடும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துப் பல நூறு தடவை கேட்டு வரைபடம் போடுவார்கள். நோயுள்ளவர்கள், மற்றவர்கள் 'தனித்தனி' என்று சொல்லும் இடைவெளியிலும் 'ஒன்றாகத்தான் வந்தது' என்று சொல்வது அதிகம். இரண்டு ஒளிகளை மட்டும் காட்டினாலும் இதே போக்கு தெரிகிறது. பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஆன் கியெர்ஷ் குழு இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. 20 மில்லி செகண்டுக்கும் குறைந்த இடைவெளியில் இரண்டு சதுரங்கள் அடுத்தடுத்துத் தோன்றினால் யாருக்குமே வித்தியாசம் தெரியாது. ஆனாலும் பொத்தானை அழுத்தும் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும். நோயில்லாதவர் கை இரண்டாவதாக வந்த சதுரத்தின் பக்கம் சாய்ந்தது. நோயுள்ளவர் கை முதலாவதன் பக்கமே நின்றது. அடுத்தது வரப்போகிறது என்று முன்கூட்டியே நகர்ந்து நிற்கும் வேலை அங்கே தடைபடுகிறது என்று அவர்கள் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இடைவெளி அகன்றால் வாயும் குரலும் பிசகுவது தெரியவே கூடாது, எல்லாம் ஒட்டிப் போக வேண்டும். அப்படியிருக்க "வாய் வேற, குரல் வேற" என்று ஏன் சொல்கிறார்கள்? இடைவெளி அகன்றால் ஒட்டக்கூடாததும் ஒட்டும் என்பது ஒரு பாதி. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தெரு நாய், மாடியில் யாரோ இழுக்கும் நாற்காலி, இவையெல்லாம் டிவியில் தெரியும் முகத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஒட்டும். எந்தச் சத்தம் எந்த முகத்துக்குச் சொந்தம் என்பது கலங்கும். மறு பாதி, கியெர்ஷ் சொல்கிற அந்த முன்நகர்வு. அடுத்த கணம் எதிர்பார்த்தபடி வந்து பொருந்தாததால் காட்சி வழுக்கிக்கொண்டு போகாமல் துண்டு துண்டாக விழுகிறது. கால ஓட்டம் அறுபடுகிற இந்த அனுபவத்தை எழுதியவர்களில் முன்னோடி பாரிஸில் வாழ்ந்த மனநல மருத்துவர் எழேன் மின்கோவ்ஸ்கி. 1920களிலேயே அவர் இதைப் பேசினார். எனவே அப்படிப் புகார் சொல்பவர் பொய் சொல்லவில்லை, டிவியும் கெடவில்லை. ஆனால் இதைத் தலைகீழாகவும் பிடித்துக்கொள்ளக் கூடாது. அகன்ற இடைவெளி ஆட்டிசத்திலும், எழுத்துப் படிப்பதில் சிரமம் உள்ளவர்களிடமும் காணப்படுகிறது. மனச்சிதைவு உள்ள எல்லாரிடமும் இருப்பதும் இல்லை. இதைக் கணினியில் அளந்து நோயைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நோயறிதலுக்கு அப்படியொரு பரிசோதனை நடைமுறையில் கிடையாது.

தெருவில் சிரித்தவன் விஷயம் இங்கிருந்துதான் புரியத் தொடங்கும். ஜன்னல் வழியே ஒருவர் திரும்பிப் பார்க்கிறார்; ஒரு கணம் கழித்து வேறெங்கோ ஒரு சிரிப்பு. நமக்கு இரண்டும் வேறு வேறு. அவருக்குப் பார்வையும் சிரிப்பும் சேர்ந்தே வந்து விழலாம். பார்த்தான், சிரித்தான், என்னைத்தான். சந்தேகம் முழுக்க இதனால்தான் என்று சொல்ல முடியாது. நேரப் பிசகு அதிகமாக உள்ளவர்களிடம் மாயக்குரலும் அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டினாலும் எது எதை உண்டாக்குகிறது என்பது தீரவில்லை. ஆனாலும் வீட்டில் பேசும் தொனியை மாற்றிக்கொள்ள இவ்வளவு தெரிந்தால் போதும். "அவன் உன்னப் பாத்துச் சிரிக்கல, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று வாதாடினால் அவர் காதும் கண்ணும் சொன்ன சாட்சியத்தை நாம் பொய் என்கிறோம், அங்கே நாம்தான் தோற்போம். "ஆமாம்பா, அவன் மோசமானவன்" என்று ஒத்து ஊதினால் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கிறோம். "உனக்கு அப்படிக் கேட்டுச்சா கண்ணு? எனக்கு அந்தச் சிரிப்பு மாடிப்பக்கம் கேட்டுச்சு. ஜன்னலைச் சாத்திட்டு உள்ள உக்காரலாமா?" இதுதான் நடுவழி. அவருக்குப் பட்டதை மறுக்காமல், நமக்குப் பட்டதை ஒளிக்காமல், உடனே சத்தத்தைக் குறைக்கும் ஒரு காரியம். பத்துத் தடவையில் எட்டுத் தடவை நமக்கே பொறுமை போய்விடும், கத்தியும் விடுவோம். கத்திய பிறகு விளக்கம் கொடுக்க உட்காராதீர்கள். கொஞ்ச நேரம் தள்ளிப் போய்விட்டு வந்து சாதாரணமாகப் பேசுங்கள்.

"கை தானா போயிருச்சு" என்பதுதான் குடும்பத்தை அதிகம் பயமுறுத்தும் வாக்கியம். பேய், செய்வினை என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்து கிளம்பும். நாம் கையை அசைக்க முடிவெடுக்கும்போதே மூளை, 'இப்போது இந்த உணர்வு வரப்போகிறது, இது நம்முடையதுதான்' என்று புலன் பகுதிகளுக்கு அந்தக் கட்டளையின் ஒரு நகலை அனுப்பிவிடுகிறது. அதனால்தான் நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை. லண்டனில் சாரா ஜெய்ன் பிளேக்மோரும் கிறிஸ் ஃபிரித்தும் சேர்ந்து செய்த சோதனையில், தன் ஒரு கையால் நகர்த்தும் கருவி மறு கையைத் தடவுவதை 200 மில்லி செகண்ட் தாமதப்படுத்தியபோது, நோயில்லாதவர்களுக்கும் அது பிறர் தொட்டதுபோலக் கூசியது. 2000இல் வெளியான தொடர் ஆய்வில், மாயக்குரல் கேட்கிறவர்களுக்கும் தன்னை வேறு யாரோ இயக்குவதாக உணர்கிறவர்களுக்கும் தாமதம் எதுவும் வைக்காமலே, தன் கையும் பிறர் கையும் ஒரே அளவு கூசின. பேசும்போதும் இதே கதை. நாம் பேசுகையில் நம் குரலுக்கு நம் மூளையின் செவிப்பகுதி அடங்கியே எதிர்வினை காட்டும். மனச்சிதைவில் அந்த அடக்கம் குறைவு என்று அமெரிக்காவில் ஜூடித் ஃபோர்டும் டேனியல் மாத்தலனும் பல ஆண்டுகளாகக் காட்டிவந்திருக்கிறார்கள். 2011இல் தாமஸ் விட்ஃபோர்டு குழு, பொத்தானை அழுத்தினால் ஒலி வரும் சோதனையில் அந்த ஒலியை வேண்டுமென்றே 50 மில்லி செகண்ட் தாமதப்படுத்தியது. நோயுள்ளவர்களின் மூளை அடக்கம் அப்போது சீரானது. அனுப்பும் நகல் தொலைந்துபோகவில்லை, பிந்தி வருகிறது என்று அர்த்தம். தபால் தாமதமாக வந்தால் நாமே நமக்கு எழுதிய கடிதம்கூட யாரோ எழுதியதுபோலத் தெரியும், அவ்வளவுதான். பூசாரிக்குக் கொடுக்கவிருக்கும் பணத்தைக் கொஞ்சம் நிறுத்திவைக்க இந்த ஒரு தகவல் உதவும்.

இந்தப் பின்னணி புரிந்துவிட்டால் வீட்டில் எதை மாற்றுவது என்று தெரியும். முதலில் தாமதம் உண்டாக்கும் சாதனங்கள். புளூடூத் ஸ்பீக்கர், புளூடூத் இயர்போன் ஆகியவை சாதாரணமாக 150 முதல் 250 மில்லி செகண்ட் பிந்தும். மேலே சொன்ன 125ஐத் தாண்டிய கணக்கு இது, நோயில்லாதவருக்கே உறுத்தும். சில டிவிகள் படத்தையும் பிந்தவைத்துச் சமன்செய்யும், பல செய்யாது. அதனால் டிவிக்கு அதன் சொந்த ஸ்பீக்கர், போனுக்கு ஒயர் உள்ள இயர்போன். சவுண்ட்பார் இருந்தே ஆக வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ. ஒயரில் இணைத்து, டிவி அமைப்பில் ஒலித் தாமதத்தைச் சரிசெய்யும் இடத்தைத் தேடி, செய்தி வாசிப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சரிசெய்யுங்கள். டப்பிங் சீரியல்களும் டப்பிங் படங்களும் உண்மையிலேயே வாய் பொருந்தாதவை. "வாய் வேற, குரல் வேற" என்று தவிப்பவர் முன்னால் நாள் முழுக்க டப்பிங் சீரியல் ஓடுவது வதை. நிலைமை மோசமாக இருக்கும் வாரங்களில் முகம் தெரியாத நிகழ்ச்சிகள், பாட்டு, ரேடியோ இவை மேல்.

கிரிக்கெட்டைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கேபிளிலும் டிஷ்ஷிலும் வரும் ஆட்டத்தைவிட மொபைல் ஆப்பில் வரும் ஆட்டம் பல நொடிகள், சில நேரம் அரை நிமிடம்கூடப் பிந்தும். நம் வீட்டில் பந்து வீசவே தொடங்கியிருக்காது, பக்கத்து வீட்டில் "அவுட்டு!" என்று கூச்சல் கேட்கும். தன் மனதில் ஓடுவது ஊருக்கே கேட்கிறது, நடக்கப்போவது அவர்களுக்கு முன்பே தெரிகிறது என்று ஏற்கெனவே நம்புகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? முக்கியமான ஆட்டம் உள்ள நாளில் ஒன்று, அக்கம்பக்கம் எதில் பார்க்கிறார்களோ அதே வழியில் நாமும் பார்ப்பது. இல்லையென்றால் அந்த மாலை வெளியே கிளம்பிவிடுவது. காரணத்தை அவருக்கு விளக்கியும் சொல்லலாம். தெளிவாக இருக்கும் நேரத்தில் சொன்னால் பலரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள்.

போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசும்போது நம் குரலே எதிர்முனையிலிருந்து திரும்பி வருவது உண்டு. தன் குரலை 200 மில்லி செகண்ட் அளவு பிந்திக் கேட்டால் யாராக இருந்தாலும் நாக்கு குழறும்; 1950லிருந்து அறிந்த விஷயம். தன் குரல் தன்னுடையதுதானா என்பதே ஆட்டம் காணும் ஒருவருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெளியூர் அக்காவும் மாமாவும் அன்பாக வீடியோ கால் போட்டு ஐந்து பேர் ஒரே நேரத்தில் நலம் விசாரிக்கும்போது அவர் போனைத் தூக்கி எறிந்தால் அது மரியாதைக் குறைவு இல்லை. ஸ்பீக்கர் இல்லாமல் காதில் வைத்து, வீடியோ இல்லாமல், ஒருவர் மட்டும், சில நிமிடம். மருத்துவரோடு வீடியோ ஆலோசனை என்றாலும் ஒயர் இயர்போன் போட்டுவிட்டால் எதிரொலி நின்றுவிடும். திருவிழாக் காலக் குழாய் ஸ்பீக்கர்கள் இன்னொரு தலைவலி. ஒரே பாட்டு நூறு மீட்டருக்கு ஒன்றாகக் கட்டிய குழாய்களிலிருந்து வரும்; நம் வீட்டிலிருந்து 170 மீட்டர் தூர வித்தியாசம் இருந்தால் ஒன்று அரை நொடி பிந்தும். ஒரே வரி இரண்டு மூன்று தடவை வேறு வேறு திசையிலிருந்து காதில் விழும். ஊர்க் கோயில் கொடை தேதி தெரிந்ததுமே அந்த நாட்களுக்கு உறவினர் வீட்டில் இடம் சொல்லிவைப்பது நல்லது. முடியாதென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான்களைக் காதில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்க்காத அறையில் இருக்கலாம். மாயக்குரல் அதிகமாகும் நேரத்தில் ஒயர் இயர்போனில் பாட்டுக் கேட்பது, முணுமுணுப்பாகத் தானே பாடுவது, வாய்விட்டுப் படிப்பது ஆகியவை பலருக்குக் கைகொடுக்கும்; எது தனக்கு ஒத்துவருகிறது என்று அவரே சொல்வார்.

அடுத்தது நம் பேச்சு. ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் பேசத் தொடங்கும் இடைவெளி எந்த மொழியிலும் பெரும்பாலும் கால் நொடிக்குள்தான். இந்த நோயில் அது சில நொடிகளாகக்கூட நீளலாம். குறுகிய ஓசையும் நீண்ட ஓசையும் வேறு என்று மூளை தன்னால் கண்டுகொள்ளும் திறன் மங்குகிறது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மதிப்பிடுவதும் ஒரு தடவைபோல மறு தடவை இருப்பதில்லை. மருந்தின் மந்தமும் சேர்ந்துகொள்ளும். நாம் கேட்டுவிட்டு இரண்டு நொடியில் பதில் வரவில்லையென்றால் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கிறோம். அவருக்கு அது புதுக் கேள்வி. முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். திரும்பக் கேட்க வேண்டுமென்றால் அதே சொற்களில் கேளுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம்: "குளிச்சிட்டு மாத்திரை போட்டுட்டு சாப்பிட வா, தட்டு எடுத்து வச்சிருக்கேன்" என்பதில் நான்கு இருக்கின்றன. சமையலறையிலிருந்து கத்துவதைவிட எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று, டிவியை அணைத்துவிட்டுப் பேசுவது பாதிச் சண்டையைக் குறைக்கும். அப்பா கேள்வி கேட்கும்போது அம்மா குறுக்கே விளக்கம் தரக் கூடாது. சொல்ல எளிது, நம் வீடுகளில் நடப்பது கடினம்தான்.

தெருவைக் கடப்பதிலும் வண்டி ஓட்டுவதிலும் கவனம் வேண்டும். வரும் லாரி எவ்வளவு நேரத்தில் நம்மை எட்டும் என்பதும் நேரக் கணக்குத்தான், அதன்மேல் மருந்தின் தூக்கக் கலக்கம். புது மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய வாரங்களில் பைக் சாவி நம்மிடம் இருக்கட்டும். மறுபடி எப்போது ஓட்டலாம் என்பதை மருத்துவர் வாயால் அவரிடமே சொல்ல வையுங்கள். நாம் சொன்னால் அது பகை.

மருத்துவரிடம் போகும்போது "ஒரே தொந்தரவு டாக்டர்" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே, மணியோடு எழுதுங்கள். அப்போது வீட்டில் என்னென்ன சத்தம் இருந்தது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார், கடைசி மாத்திரை எப்போது, காபி, சிகரெட் எவ்வளவு. சிகரெட்டை எழுத ஒரு காரணம் உண்டு: புகை ஓலன்சபின், கிளோசபின் மருந்துகளின் ரத்த அளவைக் குறைக்கும், திடீரென்று புகைப்பதை நிறுத்தினால் அந்த அளவு ஏறும். இரண்டும் மருத்துவருக்குத் தெரிய வேண்டியவை. "உட்கார முடியல, நேரம் நகரவே மாட்டேங்குது" என்று நடந்துகொண்டே இருந்தால் நோய் முற்றியதாக நினைக்காதீர்கள். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் தரும் கால் பரபரப்பாகவும் இருக்கலாம், அதற்கு மருந்தை மாற்றியோ குறைத்தோ தீர்வு உண்டு. கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை நினைவை மந்தமாக்கும். மாதக்கணக்கில் தொடர்கிறதென்றால் இன்னும் தேவைதானா என்று கேளுங்கள். நாமாக எதையும் நிறுத்த வேண்டாம்.

மருந்தால் எது மாறும், எது மாறாது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஏமாற்றம் குறையும். மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் மாயக்குரலையும் சந்தேகத்தையும் சில வாரங்களில் தணிக்கத் தொடங்கும். கவனம், வேகம், இந்த நேரக் கணக்கு போன்றவை அதே அளவுக்குச் சீராவதில்லை. குரல் நின்ற பிறகும் கூட்டத்தில் தடுமாறுகிறார், பதில் சொல்ல நேரம் எடுக்கிறார் என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. மாத்திரையை மறைத்துத் துப்புகிறார் என்றும் குற்றம் சாட்ட வேண்டாம். மறப்பதுதான் சிக்கல் என்றால் இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை போடும் ஊசிகள் இருக்கின்றன. இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், ஒவ்வொன்றையும் ஆறு வாரமாவது கொடுத்தும் குரல் அடங்கவில்லையென்றால் கிளோசபின் பற்றி நீங்களே பேச்சை எடுக்கலாம். தொடக்க மாதங்களில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை இருக்கும் என்பதால் சில மருத்துவர்கள் தாமாகச் சொல்லத் தயங்குவார்கள். மூளைப் பயிற்சி ஆப், மூளைக்கு மின்தூண்டல் தரும் பேக்கேஜ் என்று பெரிய தொகை கேட்கும் இடங்களில், உங்கள் மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஒழிய பணம் கட்டாதீர்கள். குரல்கள் 'செத்துப் போ' என்றோ யாரையாவது தாக்கு என்றோ கட்டளையிடுவதாகச் சொன்னால் நோட்டு, அடுத்த அப்பாயின்ட்மென்ட் எல்லாம் அப்புறம்; அன்றே மருத்துவமனை, ஆம்புலன்ஸுக்கு 108. நடு இரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பணப் பக்கத்தில் இரண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அதனால் மருத்துவமனையில் சேர்த்த ரசீது, மருந்து ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மன நோயும் உண்டு. தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்கு பக்கங்களிலும் மதிப்பெண் போட்டு, நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதையும் சேர்த்து அளப்பார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் சலுகைகளுக்கான சான்றிதழ் கிடைக்கும். அந்த நோட்டு இங்கேயும் உதவும், பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த வேலையில் எங்கே தடுமாறுகிறார் என்பதெல்லாம் அதில்தானே இருக்கிறது. வேலைக்குத் திரும்பும் கட்டம் வந்தால் ஹெட்செட் மாட்டிப் பேசும் கால் சென்டர், ஹோட்டலில் ஆர்டர் எடுப்பது, நெரிசலான பில் கவுன்டர் இவற்றைத் தவிர்த்து, ஒரு நேரத்தில் ஒன்றே செய்யும் வேலைகளைப் பாருங்கள்: ஸ்டாக் எடுப்பது, பேக்கிங், நர்சரி, டேட்டா என்ட்ரி, தையல். முதலில் அரை நாள் வேலையாகக் கேளுங்கள், முதலாளியிடம் சொல்ல வேண்டியது நோயின் பெயரைவிட "ஒவ்வொண்ணா சொல்லுங்க, பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்க" என்பதுதான்.